வாலைத் தூக்கி ஆடும் குட்டி இறால்: கடல்நீர்த் தொட்டிக்குப் புதியவர்களுக்கு

இந்த இறாலைக் கடையில் பெயர் சொல்லிக் கேட்பதற்கே கொஞ்சம் துணிச்சல் வேண்டும். வளர்ப்பவர்கள் மத்தியில் இதற்கு ஊர் உலகமெல்லாம் வழங்கும் பெயர் 'செக்ஸி ஷ்ரிம்ப்'. முதன்முறை நான் கேட்கப் போனபோது கூடவே மாமனாரும் வந்திருந்தார். "அண்ணே, வாலத் தூக்கிக்கிட்டு ஆடிக்கிட்டே இருக்குமே, அந்த இறால் இருக்கா?" என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். கடைக்காரர் அந்தப் பெயரையே உரக்கச் சொல்லி உள்ளே இருந்த பையனைக் கூப்பிட்டார். மாமனார் அதற்கப்புறம் மீன் கடைக்கு என்னோடு வருவதில்லை.

பெயர் எப்படியோ, ஆள் அழகு. உடம்பு முழுக்க நீட்டினாலும் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது. ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறம், அதன்மேல் பால் வெள்ளைத் திட்டுகள், திட்டுகளின் ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு. வயிற்றுப் பகுதியைத் தேள் மாதிரி முதுகுக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருக்கும். பார்க்கிற யாருக்கும் சிரிப்பு வரும். வாங்க வேண்டும் என்ற ஆசையும் உடனே வரும். அந்த ஆசையை ஒரு மூன்று மாதம் தள்ளிப்போடச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இந்த இறாலை வளர்ப்பது கஷ்டமில்லை. தப்பான வரிசையில் வாங்கினால்தான் கஷ்டம். நான் முதலில் கடல்சாமந்தி (பூப் போலத் தெரியும் கடல் விலங்கு, கடையில் 'அனிமோன்'), பிறகு இறால், கடைசியில் தண்ணீரைப் பற்றிய அறிவு என்று தலைகீழாகப் போய், பத்தே நாளில் சாமந்தியையும் இறாலையும் இழந்தவன்.

ஆள் யார்?

அறிவியல் பெயர் தோர் அம்பாயினென்சிஸ். இந்தோனேசியாவில் இன்று அம்பொன் என்று அழைக்கப்படும் தீவின் பழைய பெயர் அம்பாய்னா. அந்த ஊர்ப் பெயரை வைத்து 1888-இல் டச்சு விலங்கியலாளர் டி மான் இதை விவரித்தார். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் பவளத்திட்டுகள் உள்ள ஆழமற்ற வெதுவெதுப்பான கடலில் கிடைக்கும். அட்லாண்டிக்கிலும் இதே இறால்தான் இருக்கிறது என்று நீண்ட காலம் நினைத்தார்கள். பிறகு பார்த்தால் மேற்கு அட்லாண்டிக்கில் இருப்பது வேறு இனம். 2021-இல் அதற்கு ஹாலிவுட் நடிகர் டிகாப்ரியோவின் பெயரை வைத்துவிட்டார்கள். ஆக, இந்தக் குடும்பத்துக்கும் பெயருக்கும் ஏதோ ராசி.

கடலில் இது தனியாக அலைவதில்லை. ஒரே கடல்சாமந்தியில் சில இறால்கள் கூட்டாகக் குடியிருக்கும். சாமந்தியின் தொடுகைகளில் கொட்டும் செல்கள் உண்டு. பக்கத்தில் வரும் சின்ன மீனைப் பிடித்துத் தின்னும் விலங்கு அது. பெயரில்தான் பூ. அந்தத் தொடுகைகளுக்கு இடையிலும், அடித்தண்டைச் சுற்றியும் இந்த இறால் ஒன்றும் நடக்காதது போல உலாவும். எதிரி வந்தால் உள்ளே நழுவிவிடும்.

கடையில் இதோடு குழம்பக்கூடிய இன்னொன்றும் சாமந்தியில் வாழ்வதுதான். உடம்பு கண்ணாடி போலத் தெரியும், பெரிய வெள்ளைத் திட்டுகள் இருக்கும், வால் நுனியில் கருப்பு விளிம்போடு ஆரஞ்சுப் பொட்டுகள் இருக்கும். அது ஆன்சிலோகாரிஸ் பிரெவிகார்பாலிஸ். நம் கடல்களிலும் உண்டு. அளவில் பெரியது, வாலைத் தூக்கி ஆடாது. அதுவும் நல்ல இறால்தான், ஆனால் கீழே சொல்லும் சிறிய தொட்டிக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

சாமந்தி கட்டாயமா?

இல்லை. இதைத்தான் புதியவர்களுக்கு யாரும் முதலிலேயே சொல்வதில்லை. தொட்டியில் இந்த இறாலுக்குச் சாமந்தி இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டாலும் உயிர் வாழும். கடையில் 'மஷ்ரூம்' என்று சொல்லும் காளான் பவளங்களின் மேல் நன்றாகவே குடியேறிக்கொள்ளும். அவை கல் எலும்புக்கூடு இல்லாதவை, தட்டையாக வட்டமாக விரிபவை, நாம் செய்யும் பல தவறுகளைப் பொறுத்துக்கொள்பவை. சாமந்தி ஒரு தவறைக்கூடப் பொறுக்காது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்த இறாலின் ஆயுள் ஓரிரு ஆண்டுகள். சாமந்தி அப்படியல்ல. ஸ்காட்லாந்தில் 1828-இல் டாலியெல் என்ற இயற்கை ஆய்வாளர் கடலோரத்திலிருந்து ஒரு சாமந்தியை எடுத்து வந்து ஜாடியில் வளர்த்தார். 'பாட்டி' என்று பெயர் வாங்கிய அது, அவர் இறந்த பிறகும் கைமாறிக் கைமாறி 1887 வரை உயிரோடிருந்தது. கிட்டத்தட்ட அறுபது வருடம், அதுவும் மோட்டாரும் மின்விளக்கும் இல்லாத காலத்தில். ஒரு சென்டிமீட்டர் இறாலுக்கு வீடு வேண்டுமே என்று அப்படிப்பட்ட விலங்கை அவசரமாக வாங்கி வந்து பத்து நாளில் சாகடிப்பது நியாயமில்லை. நான் செய்திருக்கிறேன் என்பதால்தான் சொல்கிறேன்.

அதனால் என் யோசனை: முதல் வருடம் காளான் பவளத்தோடு இறால். தொட்டி ஒரு கோடையைத் தாண்டிய பிறகு, அப்போதும் ஆசை இருந்தால், சாமந்தி.

தொட்டி, கல், தண்ணீர்

45 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டி போதும். நாற்பது லிட்டர் கொள்ளும். கல்லும் மணலும் போட்ட பிறகு உண்மையில் 33 முதல் 35 லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். இதைவிடச் சின்னதாகவும் வளர்க்கிறார்கள். ஆனால் தண்ணீர் குறையக் குறைய உங்கள் தப்புக்கு இடமும் குறையும். பெரிய தொட்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை. நூற்றைம்பது லிட்டரில் ஐந்து இறாலைப் போட்டால் அப்புறம் அவற்றை நீங்கள் பார்ப்பது தீபாவளிக்குத் தீபாவளிதான்.

கல் விஷயத்தில் கவனம். ராமேஸ்வரம் பக்கம் போய்வரும்போது கரையில் கிடக்கும் பவளக் கல்லைப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. வேண்டாம். கல் பவளங்கள் எல்லாமே 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. தொட்டிக்கென்றே செயற்கையாகச் செய்த, நுண்துளைகள் நிறைந்த கல் கிடைக்கிறது. நான்கைந்து கிலோ போதும். அடுக்கும்போது பின்பக்கம் சுவரைப் போலக் கட்டாமல், நடுவில் ஒரு குன்று மாதிரி வையுங்கள். சுற்றிலும் தண்ணீர் ஓடும், பின்னால் இறால் இறந்து கிடந்தால் கண்ணில் படும்.

வடிகட்டிக்கு வருவோம். இந்த அளவுத் தொட்டிக்கு, பின்புறம் தொங்கவிடும் சாதாரண ஃபில்டர் போதும். ஆனால் அது தண்ணீரை உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டாமல் இறாலை விடக் கூடாது. சுண்டு விரல் நகம் அளவு உயிர் அது, வாயில் இருக்கும் பிளாஸ்டிக் சீப்பு இடைவெளி அதற்கு ஒரு வாசல். அலை உண்டாக்கும் வேவ்மேக்கர் வைத்தால் அதற்கும் ஸ்பாஞ்ச் உறை போடுங்கள்.

இப்போது தண்ணீர். கடலோரத்தில் இருப்பவர்கள் முதலில் கேட்பது, "கடல் தண்ணியவே கொண்டுவந்து ஊத்தினா என்ன?" என்றுதான். கூவமும் அடையாறும் கலக்கும் கடற்கரையிலிருந்து இரண்டு கேன் கொண்டு வந்தால் என்னவெல்லாம் கூட வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நகரத்துக் கரையோரத் தண்ணீர் வேண்டாம். அதற்கென்று விற்கும் கடல் உப்புக் கலவையை வாங்கி நாமே கலப்பதுதான் நிம்மதி.

கலக்கும் தண்ணீர் எது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் இரண்டும் கூடாது. வீட்டில் குடிக்கும் ஆர்.ஓ. மெஷின் தண்ணீர்? பல மெஷின்கள் சுத்தப்படுத்திய பிறகு ருசிக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கின்றன. தண்ணீரில் எவ்வளவு தாது கரைந்திருக்கிறது என்று காட்டும், பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டரை வாங்கி அளந்து பாருங்கள். 50, 80 என்று காட்டும். நமக்கு வேண்டியது பூஜ்யம், அல்லது அதை ஒட்டி. ஆர்.ஓ.வுக்குப் பின்னால் டி.ஐ. என்ற பிசின் குழாய் ஒன்றைச் சேர்த்தால் அது வரும். தாமிரக் குழாயோ பித்தளை இணைப்போ வழியில் இருக்கக் கூடாது. மனிதர்களுக்குத் தாமிரச் சொம்பில் தண்ணீர் நல்லது என்பார்கள், இறாலுக்கு அது விஷம்.

ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. நம் தொட்டிக்கு முதல் தடவை சுமார் 1.2 கிலோ. தனி வாளியில் போட்டு, சின்ன மோட்டார் ஒன்றை ஓடவிட்டு, ஒரு நாள் முழுக்கக் கலங்கட்டும். உப்பை நேராகத் தொட்டியில் கொட்டாதீர்கள். உப்பின் அளவைப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். மிதக்கும் ஊசி வைத்த மலிவு மானிகளை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. அடர்த்தி எண் 1.025-இல் நிற்க வேண்டும்.

ஆறு வாரம் சும்மா இருப்பது

இதுதான் ரொம்பக் கஷ்டமான கட்டம், ஏனென்றால் செய்வதற்கு எதுவும் இல்லை.

தொட்டியில் எந்த உயிர் சாப்பிட்டாலும் அம்மோனியா உண்டாகும். அது விஷம். கல்லின் துளைகளில் வளரும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அது பெரிய ஆபத்தில்லை. இந்த இரண்டு கூட்டமும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் மார்க்கெட்டில் வாங்கிய இறாலில் ஒரு துண்டை, உப்பு மஞ்சள் எதுவும் தடவாமல், தொட்டியில் போட்டு அழுகவிட்டால் வேலை தொடங்கிவிடும். நாற்றம் வரும். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாற்றம் பிடிக்காதவர்களுக்கு அம்மோனியம் குளோரைடு கரைசல் இருக்கிறது.

இரண்டு நாளுக்கு ஒருமுறை டெஸ்ட் கிட்டில் அளந்து நோட்டில் எழுதுங்கள். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்க நைட்ரைட் ஏறும், கடைசியில் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் நிற்கும். அப்போது கொஞ்சம் தண்ணீரை மாற்றிவிடலாம். நான் முதல் தடவை இந்தக் கட்டத்தையே தாண்டிக் குதித்தேன். பாட்டிலில் வரும் பாக்டீரியாவை ஊற்றினால் மறுநாளே விலங்கு விடலாம் என்று எங்கோ படித்ததை நம்பிவிட்டேன். டெஸ்ட் கிட் வாங்க வேண்டும் என்றே அப்போது எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. பளிங்கு மாதிரி இருந்த தண்ணீரில்தான் எல்லாம் செத்தது.

எண்கள் சரியான பிறகும் ஒரு மாதம் பொறுங்கள். கண்ணாடியிலும் மணலிலும் பழுப்பு நிறத்தில் ஒரு தூசி படரும். பயப்பட வேண்டாம், டயட்டம் என்னும் நுண்பாசி அது, தானே போய்விடும். அந்த மாதத்தில் இரண்டு மூன்று நத்தைகளும், ஒன்றிரண்டு காளான் பவளங்களும் விடலாம்.

அந்தச் சமயத்தில் கல்லில் பழுப்பாக, கண்ணாடி போன்ற ஒரு குட்டிச் சாமந்தி தானாக முளைத்தால், இலவசமாகக் கிடைத்தது என்று கொண்டாடாதீர்கள். அது ஐப்டேசியா. பவளத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் களை. ஒன்று இருக்கும்போதே சமாளிக்காவிட்டால் நூறாகும். கையால் பிய்த்தால் ஒவ்வொரு துணுக்கும் ஒரு புதுச் செடி மாதிரி வளரும். அதற்கென்று விற்கும் பசையை ஊசியால் அதன் வாயில் வைத்து மூடுவதுதான் வழி.

சூடு

நம் ஊரில் கடல்நீர்த் தொட்டிகளைக் கொல்வதில் முதலிடம் சித்திரை, வைகாசிக்குத்தான். இந்த இறாலுக்கு 24 முதல் 27 டிகிரி சுகம். 28 வரை தாங்கும். ஏசி இல்லாத மாடி வீட்டில் மே மாதம் தொட்டித் தண்ணீர் 32-ஐத் தொடும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும், இரண்டும் சேர்ந்து அடிக்கும்.

தண்ணீரின் மேல் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேனைக் கட்டினால் ஆவியாதலால் கொஞ்சம் குளிரும். கோயம்புத்தூர் மாதிரி காய்ந்த ஊரில் இது நன்றாக வேலை செய்யும். சென்னை மாதிரி புழுங்கும் ஊரில் இரண்டு டிகிரி குறைந்தாலே பெரிது. ஐஸ் பாட்டில் மிதக்கவிடுவது அவசரத்துக்குச் சரி, தினசரி வழக்கமாகச் செய்தால் ஏறி இறங்கும் சூடே தொல்லையாகிவிடும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கலாம், விலை தொட்டியைவிட அதிகம். பகலிலும் ஏசி ஓடும் அறை, அல்லது சில்லர், இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் ஜூலைக்குப் பிறகு தொடங்குங்கள். அடுத்த கோடைக்குள் என்ன செய்வது என்று யோசிக்க நேரம் கிடைக்கும்.

ஃபேன் வைத்தவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். இந்தத் தொட்டியில் ஒரு நாளில் ஒரு லிட்டர் வரை போகலாம். மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால், ஆயிரத்துக்கு 35-ஆக இருந்த உப்பு 38-ஐத் தாண்டியிருக்கும். அதனால் கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, தினமும் காலையில் அந்தக் கோடு வரைக்கும் ஊற்றுங்கள். ஊற்ற வேண்டியது உப்பில்லாத சுத்தத் தண்ணீர். பழக்கதோஷத்தில் உப்புத் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் ஏராளம்.

கரண்ட் போனால்? பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். மின்சாரம் நின்றதும் தானே ஓடத் தொடங்கும் வகை இருக்கிறது. விலையும் பெரிதில்லை.

இறால் வாங்கும் நாள்

ஒன்று மட்டும் வாங்காதீர்கள். கூட்டமாக வாழ்வது. தனியாக விட்டால் கல்லிடுக்கில் ஒளிந்தே காலம் கழிக்கும். நாற்பது லிட்டருக்கு நான்கு அல்லது ஐந்து.

கடையில் பார்க்க வேண்டியது சொற்பம். வால் மேலே தூக்கியிருக்க வேண்டும், ஆட்டம் இருக்க வேண்டும். கால்களும் மீசையும் முழுசாக இருக்க வேண்டும். வாலின் சதை இயல்பான நிறம் போய் வேகவைத்தது போல வெளுத்திருந்தால் தொடாதீர்கள். அன்று காலையில்தான் வந்து இறங்கியது என்றால், பணம் கொடுத்துப் பெயர் எழுதி வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் ஒத்துக்கொள்வார். சென்னைக் கொளத்தூர் மாதிரி வண்ண மீன் கடைகள் நிறைந்த இடத்தில் கேட்டால் இன்று இல்லாவிட்டாலும் வரவழைத்துத் தருவார்கள். எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். கடலிலிருந்து பிடித்து வந்ததைவிட, தொட்டியில் பிறந்தது நம் தொட்டிக்குச் சீக்கிரம் பழகும். லட்சத்தீவின் அகத்தித் தீவில், மைய அரசின் தேசிய மீன் மரபணு வளப் பணியகம் இப்படிப்பட்ட அலங்கார இறால்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து, குஞ்சுகளைத் தீவுப் பெண்களிடம் வளர்க்கக் கொடுக்கும் வேலையைச் செய்துவருகிறது. அங்கே வளர்ப்பவற்றில் நம் இறாலின் நெருங்கிய உறவான தோர் ஹைனனென்சிசும், முன்னால் சொன்ன கண்ணாடி உடம்பு இறாலும் உண்டு.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது பையைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து மூடுங்கள். இருட்டில் அமைதியாக இருக்கும். வந்ததும் தொட்டியின் விளக்கை அணையுங்கள். பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமன் செய்யுங்கள். பிறகு பையில் உள்ள தண்ணீரையும் இறாலையும் ஒரு சின்னக் கிண்ணத்துக்கு மாற்றி, தொட்டியிலிருந்து ஏர் பம்ப் ட்யூபை இழுத்து, நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, மருத்துவமனை டிரிப் மாதிரி நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழவிடுங்கள். கிண்ணத்துத் தண்ணீர் மூன்று மடங்காகும் வரை, ஒன்று ஒன்றரை மணி நேரம். மீன்கள் சமாளித்துவிடும், இறால்களுக்கு உப்பின் அளவு சட்டென்று மாறினால் உயிர் போய்விடும். அதனால் இங்கே மட்டும் சோம்பல் கூடாது. கடைசியில் இறாலைச் சின்னக் குவளையால் அள்ளி விடுங்கள். கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம், வாளியில் கொட்டுங்கள்.

சாமந்தி இருக்கும் தொட்டியானால், இறாலைக் கொண்டுபோய் அதன் நடுவில் போடாதீர்கள். பக்கத்தில் மணலில் விட்டால் போதும். வழி அதற்குத் தெரியும். முதலில் கால் நுனியால் தொட்டுப் பார்த்துப் பின்வாங்கும், மறுபடி தொடும். அன்றைக்கோ மறுநாளோ உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

கூட யாரை விடலாம்? ஒரு சின்ன கோபி மீன், நத்தைகள், அவ்வளவுதான். ராஸ், ஹாக்ஃபிஷ், டாட்டிபேக் மாதிரி மீன்களுக்கு இது ஒரு வாய்ப் பலகாரம். சிவப்பு வெள்ளைப் பட்டையோடு நீண்ட கொடுக்குகள் வைத்திருக்கும் பாக்சர் இறாலும் கூடாது. நீமோ மீன்? எல்லோரும் கேட்பார்கள். சாமந்தியை முழுசாகத் தனக்கே என்று பட்டா போட்டுக்கொள்ளும் மீன் அது. இறாலை விரட்டும். நாற்பது லிட்டரில் ஓட இடமில்லை.

சாப்பாடும் வார வேலையும்

இது சிறுசு, ஆனால் பசி பெரிசு. உறைந்த மைசிஸ் அல்லது ஆர்ட்டீமியா (இறால் மாதிரி இருக்கும் பொடி உயிர்கள்) கட்டியில் ஒரு ஓரத்தைக் கிள்ளி, தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, மோட்டாரைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, மருந்து ஊற்றும் ஃபில்லர் ஒன்றால் ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு துணுக்கு விடுங்கள். தினம் ஒரு தடவை. மோட்டாரைத் திரும்பப் போட மறக்காமல் இருக்க, நான் ஃபில்லரைக் கையில் வைத்துக்கொண்டே நிற்பேன், கீழே வைப்பதில்லை. உறைந்த உணவு கிடைக்காத ஊரில், தூளாக்கிய மாமிச பெல்லட்டும் வேலை செய்யும். பட்டினி போட்டால் பவளங்களைக் கொறிக்கத் தொடங்கும். குறிப்பாக சோவான்தஸ் எனப்படும் குட்டிப் பூப்பவளங்களை. "இந்த இறால் பவளம் தின்னும்" என்று புலம்புபவர்களில் பாதிப் பேர் சரியாகச் சோறு போடாதவர்கள் என்பது என் அனுமானம்.

வாரம் ஒருமுறை மூன்றரை முதல் நான்கு லிட்டர் தண்ணீர் மாற்றுங்கள். புதுத் தண்ணீரின் உப்பும் சூடும் தொட்டியோடு ஒத்திருக்கட்டும். தாமிரம் கலந்த மீன் மருந்து எதுவும் இந்தத் தொட்டிக்குள் வரக் கூடாது. வேறு தொட்டியில் அந்த மருந்துக்குப் பயன்படுத்திய வலை, வாளிகூட வேண்டாம்.

பிறகு சாமந்தி வாங்குவதானால்

'அனிமோன்' என்று கேட்டதும் பெரும்பாலும் நீட்டுவது பெரிய கார்ப்பெட் வகையாக இருக்கும். அது அரை மீட்டருக்கு மேல் விரியும். பபிள் டிப் வகையும் நம் தொட்டிக்குப் பெரிசாகிவிடும். நமக்கு ஏற்றது மினி கார்ப்பெட், சில சென்டிமீட்டர் அகலத்தோடு நின்றுவிடுவது. அதற்காக அலைந்தாலும் பரவாயில்லை.

வாய் இறுக்கமாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். தொங்கிப் பிளந்திருந்தால் நோய். அடிப்பாதம் கிழிந்திருந்தால் பிழைப்பது அரிது, அதனால் கடைக்காரர் கண்ணாடியிலிருந்து அதை வெடுக்கென்று பிய்த்தால் பொறுமையாக எடுக்கச் சொல்லுங்கள். தூய வெள்ளையாக இருந்தால் அதன் உடலுக்குள் வாழ்ந்து உணவு தயாரிக்கும் நுண்பாசிகள் போய்விட்டன என்று பொருள். எலுமிச்சை மஞ்சளிலோ ரோஸ் நிறத்திலோ பளபளத்தால் சாயம் ஏற்றியிருக்கலாம். அழகான சாமந்தி என்று நினைத்து நோயாளியை வாங்காதீர்கள்.

புது இடம் பிடிக்காவிட்டால் இரவோடு இரவாக நடந்து வேறு இடத்துக்குப் போகும். அந்த நடையில்தான் வேவ்மேக்கரில் சிக்கும். முன்னால் சொன்ன ஸ்பாஞ்ச் உறை இதற்கும் சேர்த்துத்தான். வாரம் ஒரு தடவை மிளகளவு இறால் துண்டு கொடுங்கள். ஒருநாள் அது குழைந்து, வாய் பிளந்து, அழுகல் வாடையோடு இருந்தால் இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். செத்த சாமந்தி கரைந்து தொட்டி முழுவதையும் கூட்டிக்கொண்டு போகும். உடனே எடுத்துவிட்டு, பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

ஒன்று குறைகிறதே!

எண்ணிப் பார்த்தால் ஐந்தில் மூன்றுதான் தெரியும். எல்லோருக்கும் நடக்கும்.

மணலில் கால் மீசையோடு அசையாமல் ஒன்று கிடந்தால் முதலில் ஃபில்லரால் ஊதிப் பாருங்கள். காகிதம் மாதிரி மிதந்தால் அது பிணமல்ல, சட்டை. வளர வளரச் சில வாரங்களுக்கு ஒருமுறை இறால் பழைய ஓட்டைக் கழற்றும். கண், மீசை, கால் விரல் வரை அச்சு அசலாக இருக்கும். கழற்றிய ஆள் புது ஓடு கெட்டிப்படும் வரை ஓரிரு நாள் தலைகாட்டாது. அந்த நேரத்தில் கல்லைப் புரட்டித் தேடினால் மென்மையாக இருக்கும் உடம்பை நீங்களே நசுக்கிவிடுவீர்கள். சில சமயம் திரும்பி வரும்போது வயிற்றுக்கடியில் பச்சை நிறத்தில் முட்டைக் கொத்தோடு வரும். பொரிந்து வருவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நீந்தும் லார்வா. இந்தத் தொட்டியில் ஃபில்டருக்குத்தான் போகும். அதை வளர்த்தெடுக்கத் தனித் தொட்டியும் உயிருள்ள நுண்ணுணவும் வேண்டும், அது வேறு படிப்பு.

மூன்றாம் நாளும் காணவில்லை என்றால் விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்சோடு வாருங்கள். கல்லின் அடிப்பக்கம், காளான் பவளத்தின் மடிப்பு, பின் கண்ணாடி. அங்கும் இல்லையென்றால் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ஸ்பாஞ்ச் கழன்றிருந்த ஒரு வாரம் முழுக்க எங்கள் வீட்டு இறால் ஒன்று ஃபில்டர் பெட்டிக்குள் உட்கார்ந்து, வந்து விழும் மைசிஸ் எல்லாவற்றையும் தின்று, மற்ற நான்கையும்விடக் கொழுத்திருந்தது.